நாணயமான குரல்

வாரம் 25 ரூபாய் கூலிக்கு ஒப்புக்கொண்ட ஒரு பற்பசை விளம்பர நிகழ்ச்சியைப் புதன்கிழமைச் சடங்காகவே மாற்றியவர் அமீன் சயானி. நேயர்களைக் கூட்டி வந்தது அவரது குரல். 40 ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களைக் கலையாமல் வைத்திருந்தது வேறொன்று.

வேலை அதிகம், கூலி குறைவு. நிகழ்ச்சியை எழுத வேண்டும், மைக் முன்னால் பேச வேண்டும், வரும் கடிதங்களைப் படித்துக் கணக்கெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரத்துக்கு 25 ரூபாய். 1952இல் பம்பாயின் விளம்பர வானொலி வட்டாரத்தில் அனுபவசாலிகள் யாரும் இதைத் தொடத் தயாராக இல்லை. கடைசியில் அது கல்லூரியை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு இளைஞரின் தலையில் வந்து விழுந்தது. அவருக்கு 20 வயது நிறைய இன்னும் 18 நாள் பாக்கி.

அந்த ஆண்டு டிசம்பர் 3, புதன்கிழமை. இலங்கை வானொலியின் ஹிந்தி ஒலிபரப்பில் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. அமைப்பு எளிமையானது. ஏழு பாட்டுகள் முன்பின்னாகக் கலந்து ஒலிக்கும். அவை எந்தக் கால வரிசையில் வெளிவந்தவை என்று நேயர்கள் எழுதி அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்னால் 100 ரூபாய் பரிசு. முதல் வாரத்துக்கு 40, 50 கடிதங்கள் வந்தால் பெரிது என்பது எதிர்பார்ப்பு. வந்தவை 9,000. துள்ளிக் குதித்த இளைஞருக்குச் சற்று நேரத்தில் விஷயம் உறைத்தது. அத்தனையையும் படிக்க வேண்டியவர் அவரேதான்.

வாராந்தரக் கடிதங்கள் பின்னர் 65,000 வரை ஏறின. சமாளிக்க முடியாமல் போட்டியே கைவிடப்பட்டது. 1954 டிசம்பரிலிருந்து நிகழ்ச்சி வேறு அவதாரம் எடுத்தது. எந்தப் பாட்டு இந்த வாரம் எத்தனையாவது இடம் என்று சொல்லும் தரவரிசையாக அது மாறியது. அமீன் சயானி என்ற பெயர் நிலைத்ததும், அந்தப் பெயர் மீதான நம்பிக்கைக்குச் சோதனை தொடங்கியதும் அங்கேதான்.

மூடிய கதவு, திறந்த ஜன்னல்

நேயர் கூட்டம் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. அதை உருவாக்கியதில் தில்லிக்கும் பங்கு உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுகள் ரசனையைக் கெடுக்கின்றன என்ற கருத்தில் உறுதியாக இருந்தார். செவ்வியல் இசைக்கு நேரத்தைக் கூட்டினார், சினிமாப் பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தார். திரைப்படத் தயாரிப்பாளர்களுடன் தகராறு முற்றி, ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட மறைந்தே போனது.

கொழும்பில் நிலைமை நேர்மாறு. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் தலைமையிலான கூட்டுப்படைகளுக்காக நிறுவப்பட்ட சக்தி வாய்ந்த சிற்றலை டிரான்ஸ்மிட்டர், போர் முடிந்ததும் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. அதன் வர்த்தக ஒலிபரப்பு இந்தியா முழுவதும் கேட்டது. பம்பாயில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து நாடாக்களைக் கொழும்புக்கு அனுப்பினால் போதும். அங்கிருந்து அவை கடல் தாண்டித் திரும்பி வந்து இந்திய வீடுகளில் ஒலிக்கும்.

அந்த நிலையத்தின் பெருமை தமிழர்களுக்குப் புதிதல்ல. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று இலங்கையின் தமிழ் அறிவிப்பாளர்கள் தமிழகத்தில் நட்சத்திரங்களாக இருந்தார்கள். ஹிந்தி பேசும் மாநிலங்களில் அதே இடம் அமீன் சயானிக்கு. தில்லி 1957இல் விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்கியபோது, புதன்கிழமை இரவு 8 மணி ஏற்கனவே கைமாறிப் போயிருந்தது.

ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் காற்று வரும், அவ்வளவுதான். கொழும்பிலிருந்து ஹிந்தியில் பேசியவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். 'ஸ்பான்ஸர்' நிகழ்ச்சிகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை விளம்பரத்தோடு வந்து விளம்பரத்தோடு மறைந்தன. கீத்மாலா மட்டும் எப்படி நின்றது?

தோற்ற குரல்

இந்தியாவின் மிகப் பிரபலமான வானொலிக் குரல், வானொலியிலேயே நிராகரிக்கப்பட்ட குரல். ஹிந்தி அறிவிப்பாளர் வேலைக்கு ஆல் இந்தியா ரேடியோவில் விண்ணப்பித்தபோது, படிப்பது நன்றாக இருக்கிறது, ஆனால் உச்சரிப்பில் குஜராத்தியும் ஆங்கிலமும் கலக்கின்றன என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அது பொய்யுமல்ல. வீட்டுப் பேச்சில் குஜராத்தி, வானொலி அனுபவமெல்லாம் ஆங்கிலத்தில். அண்ணன் ஹமீத் சயானி புகழ்பெற்ற ஆங்கில ஒலிபரப்பாளர். அவர் கையைப் பிடித்துத்தான் தம்பி சிறுவயதிலேயே ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்.

தோல்விக்குப் பின் அண்ணன் சொன்ன வழி, இலங்கை வானொலிக்காகப் பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரி வளாகத்தில் நடந்த ஹிந்திப் பதிவுகளுக்குப் போய் உட்கார்ந்து கவனிப்பது. ஒருநாள் அங்கே விளம்பர வாசகத்தைப் படிக்க வேண்டியவர் வரவில்லை. பார்வையாளர்களில் ஒருவராக இருந்த அமீன் அழைக்கப்பட்டார். ஓவல்டீன் விளம்பரம் அது. சம்பளம், வாரம் ஒரு டின் ஓவல்டீன்.

குரலைவிட முக்கியமானது அவர் தேர்ந்துகொண்ட மொழி. அதன் வேர் வீட்டிலேயே இருந்தது. தாய் குல்சும் சயானி முதியோர் கல்விக்குப் பாடுபட்டவர். எழுத்தறியத் தொடங்கியவர்களுக்காக 'ரஹ்பர்' என்ற பத்திரிகையை நடத்தினார். தேவநாகரி, உருது, குஜராத்தி என்று மூன்று லிபிகளில் அது அச்சானது. மொழி மட்டும் ஒன்றே, எளிய ஹிந்துஸ்தானி. ஹிந்தியையும் உருதுவையும் இணைக்கும் அதன் நோக்கத்தைக் காந்தி மனமார வாழ்த்தினார். அந்தப் பத்திரிகைப் பணியில் தாய்க்கு உதவியாக இருந்த மகன், பாமரருக்கும் புரியும் வாக்கியம் எது என்பதை அங்கேதான் கற்றார்.

பிரிவினைக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. அரசு வானொலியின் செய்தி ஹிந்தியில் சம்ஸ்கிருதம் மண்டியது. சாதாரண மனிதருக்குப் பாதி புரியவில்லை என்ற புகார் எழுந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில், ஹிந்தியா உருதுவா என்று யாரும் பிரித்துப் பார்க்க முடியாத ஒரு பேச்சு கொழும்பிலிருந்து வந்தது. பீகார் விவசாயிக்கும் லக்னோ வக்கீலுக்கும் அது தன் வீட்டுப் பேச்சாகவே பட்டது. ஹிந்தி தாய்மொழியல்லாத மாநிலங்களிலும் காதைத் தீட்டினால் பின்தொடர முடிந்தது.

அழைக்கும் விதத்திலும் ஒரு நுட்பம். மேடைகளில் 'பாயியோ அவுர் பெஹனோ' என்பதே வழக்கம், சகோதரர்கள் முன்னால், சகோதரிகள் பின்னால். சயானி அதைத் திருப்பிப் போட்டார். 'பெஹனோ அவுர் பாயியோ' என்று இழுத்து, சிரித்தபடி அவர் தொடங்குவார். வானொலிப் பெட்டிக்கு அருகில் அடுக்களை வேலையாக இருந்த பெண்களை முதலில் கூப்பிட்ட குரல் அது. மிமிக்ரி கலைஞர்கள் இன்றும் அந்த வாசகத்தை வைத்துப் பிழைக்கிறார்கள். அதன் வரிசையில் இருந்த மரியாதையைக் கவனித்தவர்கள் குறைவு.

எண்ணிக்கை என்ற கத்தி

இதெல்லாம் ஈர்ப்பு. ஈர்ப்பு கூட்டத்தைச் சேர்க்கும். கூட்டம் சேர்ந்த பிறகுதான் உண்மையான ஆபத்து.

கீத்மாலா தரவரிசையாக மாறியதும் அது வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. எந்தப் பாட்டு எந்தப் 'பாய்தானில்' (சயானி எண் என்று சொல்ல மாட்டார், படி என்பார்) நிற்கிறது என்பது இசையமைப்பாளரின் மதிப்பைத் தொட்டது, படத்தின் வசூலைத் தொட்டது. முதல் படிக்கு வரும் பாட்டுக்கு 'சர்தாஜ்', அதாவது மகுடப் பாட்டு என்று பெயர். பியூகிள் ஒலியோடு அது அறிவிக்கப்படும். அந்தப் பியூகிள் யாருக்காக ஊதப்பட்டது என்று வியாழக்கிழமை காலையில் டீக்கடைகளில் விவாதம் நடக்கும். பம்பாய் ஸ்டூடியோக்களில் அதைவிடச் சூடாக நடக்கும்.

விவாதத்தின் மையக் கேள்வி ஒன்றுதான். இதை யார் முடிவு செய்கிறார்கள்?

தொடக்கத்தில் அளவுகோல் இசைத்தட்டு விற்பனை. பல ஊர்களின் முக்கியமான ரெக்கார்டு கடைகளிலிருந்து வாராவாரம் தகவல் வரும். நேர்மையான முறைதான். ஆனால் அதில் ஓட்டைகள் இருந்தன. பாட்டு பிரபலமாக இருக்கும், கடையில் தட்டு தீர்ந்து போயிருக்கும். விற்பனை பூஜ்யம் என்று கணக்கு வரும். இன்னொன்று, கிராமபோன் வாங்க வசதி இருப்பவனின் ரசனை மட்டுமே எண்ணப்படும். கடன் வாங்கிய ரேடியோவில் கேட்பவனுக்கு ஓட்டு இல்லை. பணம் உள்ளவர் கடையில் தட்டுகளை மொத்தமாக அள்ளிவிட்டால் தடுக்கவும் வழியில்லை.

எனவே இரண்டாவது அளவுகோல் வந்தது. ஊர் ஊராக 'ஷ்ரோதா சங்'கள், அதாவது நேயர் மன்றங்கள் உருவாகின. நூற்றுக்கணக்கான இந்த மன்றங்கள் வாராவாரம் தங்கள் விருப்பப் பட்டியலை அனுப்பின. கடையின் கணக்கும் மன்றத்தின் கணக்கும் சேர்ந்து தரவரிசையை முடிவு செய்தன. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே வளைக்கக்கூடியவைதான். கடையைப் பணத்தால் வளைக்கலாம், மன்றத்தை ரசிகர் வெறியால் வளைக்கலாம். இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே திசையில், நாடு முழுவதும் வளைப்பது கடினம். ஒன்றின் பொய்யை மற்றது காட்டிக்கொடுக்கும்.

அப்படியும் முணுமுணுப்பு ஓயவில்லை. தங்கள் பாட்டுக்கு அநியாயம் நடந்துவிட்டதாகத் தயாரிப்பாளர்களும் இசையமைப்பாளர்களும் குறைசொல்லத் தொடங்கினார்கள். அப்போது நிகழ்ச்சிக் குழு எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் மிக முக்கியமான திருப்பம். கணக்கைப் பூட்டி வைக்காமல் திறந்து காட்டினார்கள். திரையுலகத்திலிருந்தே மதிப்புள்ள ஒருவரை நடுவராக அமர்த்தி, எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சொன்னார்கள். சந்தேகப்படுகிறவர்களின் கையிலேயே சாவியைக் கொடுத்த மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது, அறிவிப்பாளரின் சொந்த ரசனைக்கு ஓட்டே இல்லை என்பது. 1953இன் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் 'அனார்கலி' படப் பாட்டுக்கு, லதா மங்கேஷ்கர் உருகிப் பாடிய சோகம் அது. சரியாக 40 ஆண்டு கழித்து, 1993இல் முதலிடம் 'கல்நாயக்' படத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய பாட்டுக்கு. இரண்டுக்கும் நடுவே ரசனை எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று அழுகிறவர்கள் அழலாம். சயானி இரண்டையும் அறிவித்தார். மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்று சொல்வதாகத்தான் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். எதைக் கேட்க வேண்டும் என்று சொல்வதாக அல்ல.

பட்டியலோடு எல்லோரும் உடன்பட்டார்கள் என்பதில்லை. பழைய ஹிந்திப் பாட்டு ரசிகர்கள் கூடினால், காலத்தை வென்ற இன்ன பாட்டை எப்படி அத்தனை கீழே போட்டார்கள் என்ற சண்டை இன்றும் நடக்கிறது. ஆனால் சண்டை பட்டியலோடுதான். பட்டியலைப் படித்தவரோடு அல்ல.

தலையாவின் தபால்கள்

நேயர் என்பவர் காது மட்டுமல்ல, பேர் உள்ள மனிதர் என்பதை இந்த நிகழ்ச்சிகள் புரிந்துகொண்டிருந்தன. அதற்கு ஜும்ரி தலையாவைவிடச் சான்று வேண்டாம். அன்றைய பீகாரிலும் இன்றைய ஜார்க்கண்டிலும் உள்ள, அப்ரகச் சுரங்கங்களுக்குப் பெயர்போன சிறு நகரம். இலங்கை வானொலிக்கும் பிறகு விவித் பாரதிக்கும் அங்கிருந்து பாட்டு கேட்டுக் கொட்டிய தபால் அட்டைகளுக்கு அளவே இல்லை. யார் பெயர் அதிகத் தடவை ஒலிக்கிறது என்று ஊருக்குள் பந்தயமே நடந்தது. பெரிய அப்ரக வியாபாரி ஒரு பக்கம், பீடாக் கடைக்காரர் மறுபக்கம். போட்டியாளரின் அட்டைகள் போகாமல் தடுக்கத் தபால் ஊழியர்களைக் கவனித்துக்கொண்டவர்கள் உண்டு என்றுகூட ஊரில் கதை சொல்வார்கள்.

இப்படி ஓர் ஊர் உண்மையில் இருக்கிறதா, வானொலிக்காரர்கள் இட்டுக்கட்டியதா என்று நாட்டில் பலருக்குச் சந்தேகம் இருந்தது. ஊர் நிஜம். அங்கே ரேடியோவில் தன் பெயரைக் கேட்கக் காத்திருந்தவர்களும் நிஜம். அரசாங்கம் கவனிக்காத ஓர் ஊரின் பெயரை நாடு முழுவதும் சொல்ல ஒரு குரல் இருந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை ஒரு தபால் அட்டை.

நேயர் கடிதங்களைச் சயானி அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ளவில்லை. கடிதங்களிலிருந்தே நகைச்சுவையை எடுத்தார், ஊர்ப் பெயர்களைச் சொன்னார், கேள்விக்குப் பதில் தந்தார். அடுத்த புதன்கிழமைக்காக ஜனங்கள் காத்திருந்தது பாட்டுக்காக மட்டும் அல்ல. அந்தப் பாட்டுகளை வேறு எங்கும் கேட்கலாம் என்ற காலம் வந்த பிறகும் அவர்கள் காத்திருந்தார்கள்.

பற்பசையும் கடன்பட்டது

விளம்பரதாரருக்கும் லாபம் கொழித்தது. ஸ்விஸ் நாட்டு சிபா நிறுவனத்தின் பினாகா பற்பசை வீட்டுப் பெயரானது. பெட்டிக்குள் கிடைத்த குட்டி பிளாஸ்டிக் மிருகப் பொம்மைகளைச் சேகரித்த குழந்தைகளுக்கு இன்று பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள். பிற்காலத்தில் பற்பசையின் பெயர் சிபாகா என்று மாறியது, நிகழ்ச்சியின் பெயரும் மாறியது. மக்கள் மாற்றவில்லை. அவர்களுக்கு அது கடைசிவரை பினாகா கீத்மாலாதான்.

சயானியின் குரலைத் தேடி வேறு பொருள்களும் வரிசையில் நின்றன. வலி மாத்திரையிலிருந்து துணி ஆலை வரை அவர் நிகழ்ச்சி நடத்திக் கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கான 'போர்ன்விட்டா க்விஸ் கான்டெஸ்ட்'டை நடத்திவந்த அண்ணன் ஹமீத் 1975இல் மறைந்தபோது, அந்த மைக்கையும் தம்பி ஏற்றுக்கொண்டார். உச்சரிப்புக்காக ஒதுக்கப்பட்டவரின் கணக்கில் கடைசியில் சேர்ந்தவை 54,000க்கும் மேற்பட்ட வானொலி நிகழ்ச்சிகள், சுமார் 19,000 விளம்பரங்கள்.

இத்தனை பொருள்களை விற்றவரை மக்கள் எப்படி நம்பினார்கள் என்று கேட்கலாம். விடை எளிது. பற்பசை விளம்பரம் விளம்பரமாகவே வந்தது, பாட்டின் இடம் பாட்டின் இடமாகவே வந்தது. ஒன்று மற்றொன்றின் வேஷத்தில் வரவில்லை. விளம்பரதாரரின் காசில் நடந்த நிகழ்ச்சியில் தரவரிசை மட்டும் விற்பனைக்கு இல்லை என்ற நம்பிக்கை நேயர்களிடம் இருந்தது.

நிகழ்ச்சி முடிந்தது, பெயர் நின்றது

1980களில் நிலம் நழுவத் தொடங்கியது. கேசட் வந்தது. தெருவோரத்தில் குவித்துப் போட்டு விற்ற திருட்டு கேசட்டுகளை எந்தக் கடைக் கணக்கும் பிடிக்கவில்லை. தொலைக்காட்சி சாயங்காலங்களைப் பிடித்துக்கொண்டது. 1989இல் கீத்மாலா கொழும்பை விட்டு விவித் பாரதிக்கு வந்தது. ஒரு காலத்தில் சினிமாப் பாட்டைத் துரத்திய வீடு, அந்தப் பாட்டை ஊரறியச் செய்த நிகழ்ச்சிக்குத் திண்ணை கொடுத்தது. 1994இல் தொடர் நின்றது. 2000க்குப் பிறகு சில காலம் புது வடிவில் தலைகாட்டியதோடு சரி.

ஆனால் சயானிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பழைய தரவரிசைகளின் நினைவுகளோடு அவர் குரலைத் தாங்கிய இசைத் தொகுப்புகள் வந்தன. 2017இல் சரிகம நிறுவனம் வயதானவர்களைக் குறிவைத்து 'காரவான்' என்ற பெட்டியை வெளியிட்டபோது, பாடகர்களின் பெயர்களோடு அமீன் சயானியின் கீத்மாலாவும் அதில் இடம் பெற்றது. பாடாத ஒருவருக்குப் பாட்டுப் பெட்டியில் இடம். 2009இல் அவருக்குப் பத்மஸ்ரீ. 2024 பிப்ரவரி 20 அன்று மும்பையில், 91ஆவது வயதில் அவர் மறைந்தபோது, கீத்மாலாவைக் கேட்டிராத தலைமுறைகூட அந்த 'பெஹனோ அவுர் பாயியோ'வைத் திரும்பச் சொல்லிப் பார்த்தது.

இன்று மைக் பிடிக்க ஆல் இந்தியா ரேடியோவின் தேர்வும் தேவையில்லை, கொழும்பின் டிரான்ஸ்மிட்டரும் தேவையில்லை. கைபேசி போதும். நேயர்களின் எண்ணிக்கை நொடிக்கு நொடி கண்முன்னே ஏறுகிறது. அந்த எண்ணிக்கையைக் காசுக்கு வாங்கலாம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் லட்சக்கணக்கில் காட்டும் எண்ணைப் பார்த்தும் யாரும் அசைவதில்லை. எழுதுகிறவர், பாடுகிறவர், பேசுகிறவர் எல்லோரும் முதலில் கேட்பது, கூட்டத்தை எப்படிச் சேர்ப்பது என்றுதான்.

கீத்மாலாவின் 42 ஆண்டுக் கதை கேட்பது அடுத்த கேள்வியை. சேர்ந்த கூட்டத்திடம் உங்கள் கணக்கைத் திறந்து காட்ட முடியுமா? குரல் வளம் பிறப்பில் வரலாம், மொழி வளம் வீட்டில் வரலாம், சந்தர்ப்பம் ஒரு மந்திரியின் பிடிவாதத்தால்கூட வரலாம். பெயர் மட்டும் வாராவாரம் சம்பாதிக்க வேண்டியது. ஒரு புதன்கிழமை தவறான பாட்டுக்குத் தெரிந்தே பியூகிள் ஊதியிருந்தால், அடுத்த புதன்கிழமை அது வெறும் ஊதல்தான்.